எந்தக் கால் முன்னால்

24.9.2007, திங்கள்

இன்று மூன்று தராசுகளில் ஏறி நின்றேன். காலையில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் பெட்டி நிறுக்கும் தராசு எழுபத்தொன்று காட்டியது. மதியம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் சீட்டு வரும் மெஷின் அறுபத்தெட்டரை என்றது. சாயங்காலம் ரேஷன் கடைக்காரரைக் கெஞ்சி அரிசி மூட்டைத் தராசில் ஏறினேன், எழுபது. மூன்றையும் கூட்டி வகுத்தால் அறுபத்தொன்பது புள்ளி எட்டு மூன்று. குளிர் உடுப்புக்கு நான்கு கிலோ சேர்த்துக்கொண்டேன். அது நான்குதானா என்று தெரியவில்லை. ஜாக்கெட் மணாலியில் மாமாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

எடை தெரிந்தால்தான் ஸ்னோபோர்டின் நீளத்தை முடிவு செய்ய முடியும். உயரம் அவ்வளவு முக்கியமில்லை என்று ஒரு இணையதளம் சொல்கிறது. உயரம்தான் முக்கியம், பலகையை நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கு வர வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது.

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எழுதினால் சில சமயம் தெளிகிறது.

அம்மாவின் தம்பி சண்முகராஜ் மாமா மணாலியில் தோசைக்கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாக டிசம்பரிலிருந்து மார்ச் வரை நான் அங்கே தோசை ஊற்றுகிறேன். மத்தியான வியாபாரம் முடிந்ததும் ஜீப் பிடித்து சோலாங் சரிவுக்குப் போய்விடுவேன். அங்கே நேகி என்பவர் பனிச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார். பலகைகளை வாடகைக்கும் விடுகிறார். ஒரே பலகையில் இரண்டு கால்களையும் குறுக்காகக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, பனிச் சரிவில் இறங்க வேண்டும். வீட்டில் எத்தனை தடவை சொன்னாலும் டூரிஸ்டுகள் டியூபில் உட்கார்ந்து வழுக்குகிறார்களே, அதுதான் என்று நினைக்கிறார்கள்.

போன மார்ச்சில் நேகி சொன்னார், வரும் சீசனில் அவருக்கு ஒரு துணைப் பயிற்றுநர் வேண்டுமாம். சொந்தப் பலகை இருக்க வேண்டும். ஜனவரி ஐந்தாம் தேதி மேல் சரிவிலிருந்து அவர் முன்னால் இறங்கிக் காட்ட வேண்டும், இரண்டு பக்கமும் சுத்தமாகத் திரும்ப வேண்டும். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் இதே வேலையைக் கேட்டிருக்கிறார்கள். என்னை எடுத்துக்கொண்டால் சீசன் முழுக்கப் பனியில் இருக்கலாம். இல்லையென்றால் தோசைக்கல். அதுவும் இப்போது நிச்சயமில்லை. தீபாவளிக்குள் வருவாயா மாட்டாயா என்று சொல்லிவிடு, நான் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். மாமாவிடம் மாட்டேன் என்று சொல்லி, நேகியும் வேண்டாம் என்றால், ஜனவரி ஆறாம் தேதி நான் கம்பத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த தெருப் பாண்டியராஜன் அண்ணன் அமெரிக்காவில், டென்வரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறார். ஒரே ஒரு பலகை கொண்டு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அக்டோபர் பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை கடைக்குப் போவாராம். அதற்கு முந்தின நாளுக்குள் எது வேண்டுமென்று மெயில் போட வேண்டும். வாங்கிய பின் மாற்ற முடியாது.

நான் கற்றுக்குட்டியும் இல்லை, கெட்டிக்காரனும் இல்லை. அந்தத் தளங்கள் என்னை இடைநிலை என்கின்றன. என்னைப் போன்றவர்களுக்கு மலை முழுவதற்கும் ஒத்துவரும் பலகை ஒன்று போதுமாம். காலையில் இறுகிய பனி, புதிதாக விழுந்த தூள் பனி, வெயில் ஏறியதும் சேறு மாதிரி ஆகிற பனி, மூன்றிலும் ஓட வேண்டும். சோலாங்கில் ஒரே நாளில் மூன்றும் கிடைக்கும். ஆனால் அப்படிப்பட்ட பலகை நாற்பத்து மூன்று இருக்கிறது.

27.9.2007, வியாழன்

சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் டேலி கணக்கு வகுப்பு. வகுப்பு முடிந்ததும் கால் மணி நேரம் இண்டர்நெட் பார்த்துக்கொள்ள முத்துலட்சுமி மிஸ் விடுகிறார்கள். நான் எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று வரிசை, பதினொரு கட்டம். நீளம், நடு அகலம், விறைப்பு, விளிம்பின் பிடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண்.

மிஸ் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

"என்னப்பா இது, ஸ்டாக் லிஸ்டா?"

"இல்ல மிஸ். பனியில சறுக்குற பலகை."

"எல்லாத்துக்கும் பத்துக்கு ஏழு போட்டிருக்க."

"எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காக மிஸ். எனக்குக் குறைக்க மனசு வரல."

"அப்ப இந்த டேபிள் எதுக்கு? கண்ண மூடிட்டு ஒண்ணத் தொட வேண்டியதுதான." பிறகு மணியைப் பார்த்தார்கள். "சுரேஷ்கண்ணா, ஏழே முக்காலுக்கு நான் சென்டரப் பூட்டணும்."

எனக்கு மனதில் ஒன்று இருக்கிறது. நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், நல்ல விறைப்பு. முன் மூக்கு நீளம், வால் குட்டை, ஒரு திசையில் மட்டும் வேகமாகப் போவதற்காகச் செய்தது. அதன் படத்தைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். அதற்கும் ஏழுதான் போட்டிருக்கிறேன், ஆசைக்காகக் கூட்டிப் போட்டதாக ஆகிவிடக் கூடாது என்று.

மூன்று சீசனிலும் என் குறை ஒன்றேதான். விரல் நுனியில் சாய்ந்து திரும்பும்போது சரியாகத் திரும்புகிறேன். குதிகாலில் சாய்ந்து திரும்பும்போது பின்பக்கம் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறேன். நேகியின் வாடகைப் பலகைகள் விளிம்பு மழுங்கியவை. தினம் ஒன்று கிடைக்கும். பலகை நல்லதாக இருந்தால் இது சரியாகிவிடும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு சீசன் சேமிப்பும் போகப் போகிறது.

1.10.2007, திங்கள்

இன்று கால். பலகை குறுகலாக இருந்தால் பூட்ஸின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசும். தினத்தாளில் காலை வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். வலது இருபத்தேழு புள்ளி நான்கு, இடது இருபத்தேழு புள்ளி ஆறு. சாயங்காலம் கால் சற்று வீங்கும் என்று படித்ததால் ஆறு மணிக்கு மறுபடி அளந்தேன். இரண்டும் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தன. பிறந்ததிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்த கால், விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கின்றன. அந்தத் தளங்களில் வரும் வெள்ளைக்காரர்களின் கால் அப்படி இல்லை. எனக்கு அகலமான பலகைதான். இந்த ஒரு கட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பூட்ஸ் வீட்டில் இருக்கிறது. மார்ச்சில் ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பழைய பூட்ஸும், அதைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கும் வாங்கி வந்தேன். பரணிலிருந்து இறக்கினால் ஒரு பூட்ஸுக்குள் அம்மா பழைய துணிகளை அடைத்து வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டு வாசலில் நடந்து பார்த்தேன்.

தங்கை பவானி காலேஜிலிருந்து வந்தாள். "அண்ணே, நெலாவுக்கா கிளம்பிட்ட?"

"அளவு பாக்குறேன்."

"காலையில அளந்த. இப்ப அளக்குற. கால் என்ன சுரைக்காயா, பொழுதுக்கும் வளர?"

6.10.2007, சனி

வியாழக்கிழமை நடந்ததை அன்றே எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று தள்ளிப் போட்டேன்.

பைண்டிங்கை எந்தக் கோணத்தில் பூட்டுவது என்று ஒரு தளத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே முதலில் ஒரு சோதனை சொல்லியிருந்தார்கள். நேராக நில்லுங்கள், பின்னாலிருந்து யாராவது உங்களை எதிர்பாராமல் தள்ளட்டும். விழாமல் இருக்க எந்தக் காலை முதலில் முன்னே வைக்கிறீர்களோ, பலகையிலும் அந்தக் கால்தான் முன்னால் நிற்க வேண்டும். நான் வலது கால்காரன் என்று எனக்குத் தெரியும், மூன்று வருடமாக அப்படித்தான் நிற்கிறேன். இருந்தாலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை.

வீட்டு வாசலில் நின்று பவானியைக் கூப்பிட்டேன்.

"தள்ளவா?"

"சொல்லிட்டுத் தள்ளக் கூடாது. எனக்குத் தெரியாமத் தள்ளணும்."

"தெரியாமத் தள்றதுன்னா நீ ஏன் இங்கன வந்து முதுகக் காட்டிட்டு நிக்கிற?"

"நான் வேற எதையாச்சும் நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ எப்பத் தோணுதோ அப்பத் தள்ளு."

அவள் மாட்டேன் என்று உள்ளே போவது மாதிரிப் போய்த் திரும்பி வந்து தள்ளினாள். இடது கால் முன்னால் போனது. தற்செயல் என்று நோட்டில் குறித்தேன். மறுபடி. இடது. மறுபடி. அம்மா வெளியே வந்தார்கள்.

"ஏன்டி ஆத்தா, அவன எதுக்குப் போட்டுத் தள்ளுற?"

"அண்ணந்தாம்மா தள்ளச் சொல்லுச்சு. நோட்டுல வேற எழுதுது."

பன்னிரண்டு தடவை. பதினொரு தடவை இடது. ஒரு தடவை எந்தக் காலும் இல்லை, உட்கார்ந்துவிட்டேன்.

பவானி வலது கையால் தள்ளுவதால் நான் ஒரு பக்கமாகத் திரும்புகிறேனோ என்று இரண்டு கையாலும் தள்ளச் சொன்னேன். அப்போதும் இடது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து எந்தக் காலை வைத்து இறங்குகிறேன் என்று வெள்ளிக்கிழமை கவனித்தேன். இடது. ஆனால் பஸ்ஸில் எல்லோரும் அந்தக் காலில்தான் இறங்குகிறார்கள், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. குளியலறை ஈரத் தரையில் வழுக்கிப் பார்த்தேன். இடது.

அப்படியென்றால் ஏன் வலது காலை முன்னால் வைத்து மூன்று வருடம் நின்றேன்? யோசித்தபோது அந்த முதல் நாள் நினைவு வந்தது. நேகி என்னைப் பனியில் உட்கார வைத்து, பலகையை முன்னால் போட்டு, எந்தக் கால் முன்னால் என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வலது என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை. ஊரிலிருந்து கிளம்பிய அன்று அம்மா நிலைப்படியில் நின்று, "வலது கால எடுத்து வச்சு எறங்குய்யா" என்றார்கள். மணாலியில் கடைக்குள் நுழைந்தபோது மாமாவும் அதையே சொன்னார். புதுத் தொழில், புது இடம், புதுப் பலகை. எங்கள் வீட்டில் எவனாவது ஒன்றை முதன்முதலாக இடது காலில் தொடங்குவானா? அவர் கேட்டது ஒன்று, நான் பதில் சொன்னது வேறொன்றுக்கு. அந்தப் பதிலின் மேல் மூன்று சீசன் நின்றிருக்கிறேன்.

குதிகால் பக்கம் நான் வழுக்கி விழுந்ததற்கு மழுங்கிய விளிம்பு காரணம் இல்லையோ?

இதை எப்படி உறுதி செய்வது என்று தெரியவில்லை. இங்கே பனி இல்லை.

7.10.2007, ஞாயிறு

உறுதியாகிவிட்டது. ஆகாமலே இருந்திருக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்துக் கருத்தக்கண்ணன் மாமா நாற்றங்காலுக்குச் சேற்றை உழுது பரம்படித்துக்கொண்டிருந்தார். பரம்பு என்பது ஆளுயரப் பலகை. இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்தால் சேறு மட்டமாகும். பாரத்துக்கு அதன் மேல் ஒரு ஆள் நிற்க வேண்டும். பெரிய வயலுக்கு எல்லோரும் டிராக்டர் வைக்கிறார்கள். நாற்றங்கால் சின்னது என்பதால் மாடு.

வரப்பில் நின்று பார்த்தேன். பிறகு நிற்க முடியவில்லை. நான் ஏறட்டுமா என்று கேட்டேன்.

"வா மாப்ள. எனக்கும் மூட்டு வலி. அங்கன பனியில பலகையில நிக்கிறியாமே, பவானி சொல்லுச்சு."

நான் மாட்டைப் பார்த்து நிற்கவில்லை. சோலாங்கில் நிற்பது போல ஒரு தோளை மாட்டுப் பக்கம் காட்டிக் குறுக்காக நின்றேன். முதலில் வலது கால் மாட்டுப் பக்கம்.

"என்னய்யா கோணலா நிக்கிற? மாட்டப் பாத்து நில்லு."

"இப்படித்தான் மாமா நிக்கணும்."

"சரி, உன் இடுப்பு, உன் பாடு."

மாடுகள் இழுத்தன. ஒரு சுற்று முடிவதற்குள், திரும்பும் இடத்தில், அதே மாதிரி பின்பக்கம் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். சோலாங்கில் விழுவது போலவே, அதே பக்கம். எழுந்து மறுபடி வலது. இரண்டாம் சுற்றில் மறுபடி விழுந்தேன். நடவுக்கு நாற்றுப் பாவ வந்திருந்த மொக்கம்மாள் அத்தை வரப்பில் உட்கார்ந்து, "இந்தச் சம்பளத்துக்கா இமயமல வரைக்கும் போற? இங்கனயே விழுகலாமே" என்றாள்.

மூன்றாவது சுற்றில் இடது காலை முன்னால் வைத்தேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடுப்பு தானாகக் கீழே இறங்கியது. பலகை திரும்பும்போது என் எடை எங்கே போக வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. நான்கு சுற்று விழவில்லை. கடைசிச் சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மொதல்ல நின்னப்ப மாடு திரும்பித் திரும்பிப் பாத்துச்சு" என்றார் கருத்தக்கண்ணன் மாமா. "இப்ப நீ நிக்கிறதே அதுக்குத் தெரியல."

"நீங்க எந்தக் கால் மாமா முன்னால வைப்பீங்க?"

"நாப்பது வருசமா நிக்கிறேன். இன்னிக்கு வரைக்கும் காலப் பாத்ததில்ல. இப்பக் கேட்டுட்ட, நாளைக்கு நானும் விழுகப் போறேன்."

அத்தை சிரித்தாள். நான் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மதியம் சுருளிப்பட்டி ரோட்டில் போய்விட்டுத் திரும்பினேன், மறுபடி போனேன். பலகை சரியில்லை என்று மூன்று வருடம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

8.10.2007, திங்கள்

நேகிக்கு போன் செய்தேன். என் இந்தியில் முழுவதையும் சொல்லி முடிக்கச் சற்று நேரம் ஆனது. அவர் முதலில் சிரித்தார். பிறகு, நான் கேட்டபோது நீ பளிச்சென்று சொன்னாய், அவ்வளவு வேகமாகச் சொல்கிறவன் தெரிந்துதான் சொல்வான் என்று விட்டுவிட்டேன் என்றார். வலது காலை முன்னால் வைக்கிறவர்களும் நிறையப் பேர் உண்டாம்.

தேர்வை மார்ச்சுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, டூரிஸ்ட் வருவது ஜனவரியில் என்றார். எந்தக் காலில் வேண்டுமானாலும் இறங்கு, ஆனால் பாதி இந்தக் கால் பாதி அந்தக் கால் என்று வந்தால் எனக்குப் பிரயோஜனமில்லை, முடிவு செய்துவிட்டு வா என்றார். மற்ற இரண்டு பையன்களும் நன்றாக ஓட்டுகிறார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வலது காலோடு இருந்தால், நான் இப்போது இருக்கும் நிலையில் இருப்பேன். விழுவேன், ஆனால் எங்கே விழுவேன் என்று தெரியும். அதற்கு ஏற்ற மாதிரி விறைப்பான நீளப் பலகை ஒன்று கொஞ்சம் தாங்கிப் பிடிக்கலாம். பிடித்தால் தேறிவிடலாம். இடது காலுக்கு மாறினால், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி ஐந்து வரை மூன்று வாரத்தில் முதலிலிருந்து கற்க வேண்டும். சேற்றில் நான்கு சுற்று நின்றதை வைத்து ஒருவன் வேலையைப் பணயம் வைக்கலாமா? மாடு இழுத்த வேகம் மனிதன் நடக்கிற வேகம்.

12.10.2007, வெள்ளி

கடைசி நாள். இரண்டு காலுக்கும் அட்டவணை போட்டேன். வலதுக்கு ஐம்பத்து நான்கு, இடதுக்கு ஐம்பத்து மூன்று. ஒரு கட்டத்தில் தப்பாகப் போட்டிருப்பேனோ என்று திருத்தினேன். இடதுக்கு ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு அந்த அட்டவணையை நம்ப முடியவில்லை.

ஏழு ஐம்பது ஆகிவிட்டது. முத்துலட்சுமி மிஸ் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னுமா எழுதுற? ரெண்டு வரி மெயிலு."

"ரெண்டு வரிதான் மிஸ். ஆனா ஒண்ணுதான் வாங்க முடியும்."

"என்னயப் பொண்ணு பாக்க வந்தவககூட இம்புட்டு நேரம் எடுத்துக்கல. என்னோட ஜாதகத்த வாங்கிட்டு அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சுப் போயிட்டாக."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அனுப்பு. பஸ் போயிரும்."

கடைசியில் இப்படி எழுதினேன். நீளம் நூற்று ஐம்பத்தெட்டு. அகலமானது. விறைப்பு நடுத்தரம். மூக்கும் வாலும் ஒரே அளவாக இருக்கும் வகை. இந்த வகையில் எந்தக் கால் முன்னால் இருந்தாலும் பலகைக்கு ஒன்றுதான், நடுவழியில் பழைய பழக்கத்துக்குத் திரும்பினாலும் காலை வாராது. மலை முழுவதற்கும் ஒத்துவருவதில் இதுவும் ஒன்று என்று நான்கு தளங்கள் சொல்கின்றன. நூற்று அறுபத்திரண்டை விட்டுவிட்டேன்.

அனுப்பிய பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால், நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை என்று தெரிந்தது. இரண்டு காலுக்கும் ஆகிற பலகையைக் கேட்டிருக்கிறேன். நேகி வேண்டாம் என்று சொன்னதே அதைத்தான்.

14.10.2007, ஞாயிறு

விடிந்தும் விடியாமல் ஐந்தரைக்கு செல்போன் அடித்தது. நான் தோட்டத்தில் மோட்டார் போடப் போயிருந்தேன். கரண்ட் அந்த நேரம்தான் வரும். ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ்.

"சுரேசு, பாண்டியராஜன் பேசுறேன். கடையில நிக்கிறேன். இங்க சாயங்காலம் ஆறு மணி, பூட்டப் போறாங்க. நீ கேட்ட அம்பத்தெட்டு இல்ல."

"இல்லையாண்ணே?"

"அதே பலகதான், அகலமானதுதான். அம்பத்தாறு ஒண்ணு இருக்கு, அறுபத்தொண்ணு ஒண்ணு இருக்கு. எது?"

நோட்டு வீட்டில் இருந்தது. அண்ணே, ஒரு பத்து நிமிசம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யோசிக்கிறதுக்கெல்லாம் நேரமில்லப்பா. எனக்குப் பின்னால ஆள் நிக்கிறாக. உன் எடையச் சொன்னேன், நல்லா ஓட்டுறவன்னா அறுபத்தொண்ணு எடுத்துக்கச் சொல்லுறான் கடைக்காரன். வேகத்துல ஆடாதாம். அம்பத்தாறு லேசாத் திரும்புமாம், ஆனா வேகத்துல கொஞ்சம் உதறுமாம்."

மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்தில் நான் எப்படி நிற்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். அறுபத்தொன்று என்றால் நான் மூன்று வருடக்காரன். பழைய காலோடு, பழைய இடத்தில் விழுந்து, பலகை தாங்குமா என்று பார்த்துக்கொண்டே இறங்குவேன். ஐம்பத்தாறு என்றால் மறுபடி முதல் நாள்.

"அம்பத்தாறுண்ணே."

"நெசமாவா? மூணு வருசமா ஓட்டுறேன்னு சொன்ன?"

"அது வலது காலு. இடது கால்ல இன்னும் ஏறவே இல்ல."

"என்னமோ சொல்ற. அம்பத்தாறுதான? பில்லு போடச் சொல்றேன். அப்புறம் மாத்த முடியாது."

"மாத்த வேணாம்ணே."

போனை வைத்துவிட்டுத் தொட்டியைச் சுற்றி நடந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு சுற்று. சரிதான் என்று ஒரு சுற்று. அப்பா மண்வெட்டியோடு வந்து, மடையை மாற்றாமல் எதற்கு நாய்க்குட்டி மாதிரிச் சுற்றுகிறாய் என்று கேட்டார். மடையை மாற்றினேன்.

ஏழு மணிக்கு மணாலி மாமாவுக்கு போன் போட்டேன். தீபாவளிவரை தவணை இருந்தது. ஆனால் தோசைக்கல் எனக்காகக் காத்திருக்கும்வரை நான் மறுபடி வலது காலுக்குப் போய்விடுவேன் என்று தோன்றியது.

"மாமா, இந்த சீசனுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

"அப்ப அந்த நேகி உன்ன எடுத்துக்கிட்டானா மருமகனே?"

"இல்ல மாமா. ஜனவரி அஞ்சுலதான் பாக்கணும்னு சொன்னாக."

"பாத்துட்டு வேணாம்னா?"

"ஊருக்கு வந்துருவேன்."

"தோசைய ஊத்திக்கிட்டே போய்க் காமிக்க வேண்டியதுதான. நான் என்ன வேணாம்னா சொல்றேன்."

"மத்தியானத்துக்கு மேல போனாப் பத்தாது மாமா. காலையில இருந்து போகணும். மொதல்ல இருந்து படிக்கணும்."

"மூணு வருசமா என்னத்தடா படிச்ச?"

எனக்குப் பதில் தெரியும். சொல்ல ஆரம்பித்தால் பவானி தள்ளியதிலிருந்து சொல்ல வேண்டும். தங்க மட்டும் இடம் கொடுங்க மாமா என்றேன். சாக்கு மூட்டைக்குப் பக்கத்துல படுத்துக்க, ஆனா காலையில பாத்திரம் கழுவிட்டுத்தான் போகணும் என்றார். சரி என்றேன்.

நாளைக்கு மதுரைக்குப் போய் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். டிசம்பர் பத்து என்று இருந்ததை நவம்பர் இருபத்தெட்டு ஆக்கலாம் என்று நினைக்கிறேன். அப்போது சோலாங்கில் பனி விழுந்திருக்குமா என்று நேகியைக் கேட்டேன். சில வருடம் விழும், சில வருடம் விழாது என்றார். போன மூன்று வருடத்தில் முதல் பனி என்றைக்கு விழுந்தது என்று தேடி எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். விழாவிட்டாலும் போய்விடுவது. மேலே எங்காவது நிழலில் பழைய பனி ஒரு துண்டாவது இருக்கும். நடந்து போய் அதில் நிற்கலாம்.